சிவப்பு நூல் கட்டிய ஆமணக்கு

நூல் கட்டும் யோசனை உன்னுடையது என்று அன்று நான் சொல்லவில்லை. அந்தச் செடியை முதலில் கண்டவள் நீ என்றும் சொல்லவில்லை.

இன்று காலை ஆய்வுக்கூடத்து ஃப்ரீசரைத் துப்புரவு செய்தபோது அடியில் ஒரு சின்னப் பை கிடைத்தது. உள்ளே ஏழு ஆமணக்கு விதைகள். கூடவே உன் பழைய சேலையிலிருந்து உருவிய சிவப்பு நூல், விறைத்துப்போய். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தோம். நான் பட்டம் படிக்கக் கெம்பஸுக்குப் போனேன், நீ பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையோடு நின்றாய். பதுளையில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆய்வுத் தோட்டத்துக்கே பிறகு நீ நாட்கூலியாக வந்தாய். ஆமணக்கு விதைக்குள் எண்ணெய் எப்போது ஊறத் தொடங்குகிறது, எந்த மரபணு அதை முடுக்குகிறது என்பதே எங்கள் ஆராய்ச்சி. அதற்கு ஒவ்வொரு விதையின் வயதும் தெரிய வேண்டும். பூக்களில் நான் கட்டிய அட்டைகளின் மையை நமுனுகுலை மலைப் பனி ஒரே வாரத்தில் கரைத்துவிட்டது.

“அடி கெம்பஸ்காரி, இந்தப் பனிக்கு மை நிக்குமா? வாரத்துக்கு ஒரு கலர் நூலு கட்டு. சாயம் போகாத சேல எங்கிட்ட கெடக்கு” என்றாய்.

நீயே கட்டினாய். சில வாரங்கள் கழித்து என்னைக் கடைசி வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

“இங்க பாரு. செவப்பு நூலு கட்டுன காயெல்லாம் மத்த செடியில காஞ்சு வெடிச்சிருச்சு. இது மட்டும் பச்சையாவே நிக்குது. உள்ள இன்னும் ஊறிக்கிட்டு இருக்குடி.”

உண்மைதான். அந்த விதைகளில் எண்ணெய் அதிகம். அதற்குக் காரணமான மரபணுவைத் தேடிப் பிடிக்க எனக்கு இரண்டு வருடங்கள் ஆயின.

பிறகு கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். நாட்கூலிகளில் ஒருவரை நிரந்தரமாக்கி மற்றவர்களை நிறுத்துவதாகப் பேச்சு. ஆய்வை விளக்கிய கூட்டத்தில், திரைப் படத்தில் தெரிந்த நூலைக் காட்டி அவர்களில் ஓர் அம்மையார், “இது யாருடைய யோசனை? இந்தச் செடியைக் கண்டது யார்?” என்று கேட்டார்.

“நம்ம டீம்தான் மேடம்” என்று பல் தெரியச் சிரித்தார் எங்கள் பிரிவுத் தலைவர்.

தேநீர்த் தட்டோடு வாசலருகே நின்ற நீ என்னைப் பார்த்தாய். நான் என் குறிப்பேட்டைப் பார்த்தேன். என் வேலையும் அப்போது உறுதியாகியிருக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். அதைப் பெரிதாக்கி என்னை மன்னித்துக்கொள்ள மாட்டேன்.

வெளியே வந்ததும், “எம் பேரு ஒன் வாயில நொழயலயோ?” என்று கேட்டாய். சிரித்துக்கொண்டே கேட்டாய். அந்தச் சிரிப்பின் மீதும் எனக்குக் கோபம்தான். ஏன் கத்தவில்லை நீ? அந்தத் தட்டைத் தலைவரின் மேசையில் போட்டு உடைத்திருக்கலாமே! அவர் சிரித்தார், நீயும் சிரித்தாய், நான் மட்டும் யோக்கியமாகக் குனிந்திருந்தேன்.

ஆய்வுக் கட்டுரையில் நூல் முறையை வகுத்தவர் என்று தலைவரின் பெயர் இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது, மூன்றாவதாக. உன்னுடையது நன்றிப் பகுதியில்கூட இல்லை. விதைகளைத் திரும்ப வைத்துவிட்டேன். நூல் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஈரம் இன்னும் காயவில்லை.

நிரந்தர வேலை தலைவருக்கு வேண்டிய ஒருவருக்குப் போனது. மாதக் கடைசியில் உன்னை நிறுத்தினார்கள். நீ ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனாய். ஒன்பதாம் நாள் மலையில் குளவிக்கூடு கலைந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், லொறியிலேயே இறந்துபோனாய்.