குலுக்கிப் போட்ட சீட்டு

தாராவி
9.2.2025

அன்பு மகள் அஸ்ரினுக்கு, வாப்பா நாகூர் கனி சலாம் சொல்லி எழுதுவது.

போன் பண்ணினா ‘லெக்சர்ல இருக்கேன்’னு வச்சிருத. அதான் தபால். நேத்து உங்க காலேஜ் தமிழ் மன்றத்துல நீ பேசினதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியலை. நூத்தைம்பது வருஷக் கட்டடம், வெள்ளைக்காரன் காலத்து மேடை, அதுல என் மவ! சிறப்புப் பேச்சாளரா வந்த நீதிபதி முக்கால் மணி நேரம் அறுத்தாரு. பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை. நீ எழுந்ததும் அவரும் முழிச்சிட்டாரு. ‘பெத்தவங்க பார்க்கிற மாப்பிள்ளையே நல்ல மாப்பிள்ளை’ன்னு என்னா போடு போட்டே!

வீடியோவை முலுண்ட்ல இருக்க சாயிரா மாமிக்கு அனுப்பினேன். அவங்க மகன் பைசானுக்கு உன்னையே கேக்காவ. சரின்னு வார்த்தை கொடுத்துட்டேன். உம்மா ஒண்ணும் சொல்லலை, சந்தோஷம்தான்.

வாப்பா

விடுதி
13.2.2025

அன்புள்ள வாப்பா,

அரே, என்ன காரியம் பண்ணிட்டீங்க! அது என் கருத்தே இல்லை. அது பட்டிமன்றம், யார் எந்த அணின்னு சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. எனக்கு அது விழுந்துச்சு. மத்த சீட்டு விழுந்திருந்தா நேர்மாறா பேசி இதே கைதட்டலை வாங்கியிருப்பேன். எனக்கு இப்போ கல்யாணம் வேணாம். எம்.ஏ. படிக்கணும். என் தமிழ்ல பிழை இருக்கும், விஷயத்துல பிழை இல்லை.

அஸ்ரின்

தாராவி
17.2.2025

மவளே,

ஒண்ணும் வெளங்கலை. ‘என் வாப்பா எனக்குக் கெடுதல் நினைப்பாரா?’ன்னு நீ கேட்டப்ப நான் கண்ணைத் தொடைச்சேனே, அதுவும் சீட்டுல விழுந்ததா? பட்டறையில பை தைக்கிற நயினார், ‘வக்கீலும் அப்படித்தானே அண்ணே’ங்கான். வக்கீல்னா எனக்கு வெளங்கும். நீ மவ. இந்தக் கடுதாசியில நீ எந்த அணி?

வாப்பா

விடுதி
21.2.2025

வாப்பா,

அந்த ஒரு வரியை நான் எழுதி வைக்கலை. முன்வரிசையில உங்களைப் பார்த்ததும் தானா வந்துச்சு. அது நெசம். கல்யாணம் வேணாங்கிறதும் நெசம். ரெண்டும் எப்படி ஒரே வாயில வருதுன்னு எனக்கே குழப்பமா இருக்கு.

அஸ்ரின்

தாராவி
25.2.2025

அஸ்ரினுக்கு,

முலுண்ட் போய் வார்த்தையைத் திருப்பி வாங்கிட்டேன். சாயிரா மாமி டீகூடக் கொடுக்கலை. போவுது. நீ படி.

நிக்காஹ்ல சம்மதம் கேக்கும்போது பொண்ணு பேசாம இருந்தா சரின்னு எடுத்துக்கிடுவாங்க. உங்க உம்மா பேசாமத்தான் இருந்தா. உன் கடுதாசி வந்த அன்னிக்கு, இருபத்தேழு வருஷம் கழிச்சு, அவகிட்ட ‘உனக்குச் சம்மதமா?’ன்னு கேட்டேன். சிரிக்கா, பதில் சொல்ல மாட்டேங்கா.

அது எந்த அணின்னு எனக்குத் தெரியலை. ஞாயித்துக்கிழமை வந்து கேட்டுச் சொல்லு.

வாப்பா