ஏதென்ஸ் வெள்ளியின் எடை

இன்று காலை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்ததும் கார்பாலிக் வாடை மூக்கில் ஏறியது. கிள்ளான் தோட்டத்து ஆஸ்பத்திரியில், உன் தராசுக்கு முன்னால் நினைவில் மறுபடியும் நின்றேன்.

நீ அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. இறந்துபோன பழைய துரையின் கிரேக்க வெள்ளி நாணயம் ஆபீஸ் பெட்டகத்தில் இருந்தது. சாவி என் இடுப்பில். அதை அவர் மனைவிக்கு அனுப்புமுன் நிறுத்துப் பார்க்கும்படி புதிய துரை உன்னிடம் கொடுத்தார். அதனுடன் இருந்த சீட்டில், 'ஏதென்ஸ், நான்கு டிரா.' என்று பழைய துரை சுருக்கி எழுதியிருந்தார்.

அதை டிராம் என்று படித்து, மருந்துப் புத்தகத்தில் எடையைப் பார்த்தாய். ஒரு டிராம் 3.9 கிராம், நான்குக்கு 15.6. தராசில் 17.2 நின்றது. நீ எண்ணைச் சொன்னதும் துரையின் பார்வை என் பக்கம் திரும்பியது.

"நல்ல காசு எடுத்து, கள்ளக்காசு வச்சிட்டான்! நாளைக்குச் சாயங்காலம் போலீஸ் வரும்."

நீ என்னைப் பார்க்கவே இல்லை. அன்றிரவு உன்னை வெறுத்தேன்.

மறுநாள் ஆபீஸ் வராந்தாவில் காவல்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அப்பால் என் மனைவி பிள்ளையோடு நின்றாள். நீ காலை ரயிலிலேயே கோலாலம்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். பயந்து ஓடிவிட்டாய் என்றே நினைத்தேன்.

போலீஸ்காரர் வந்து இறங்கியபோது நீயும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாய்.

"தப்பு என் கணக்குல தொரை. அது மருந்து டிராம் இல்ல, கிரேக்கக்காரன் டிராக்மா. பிரிக்ஃபீல்ட்ஸ்ல கிரேக்கம் படிச்ச பாதிரியாரக் கேட்டுட்டு வரேன். ஏதென்ஸ்ல ஒண்ணு 4.3 கிராமாம். நாலுக்குப் பதினேழு புள்ளி ரெண்டு. காசு சரியா இருக்கு."

துரை தாளில் பெருக்கிப் பார்த்தார். போலீஸ்காரரை அனுப்பிவிட்டார். பிறகு உன்னிடம் சொன்னார்: "கணக்குத் தப்பாப் போடற ஆளு மருந்து எப்படிக் கொடுக்கும்? நீ வேலைக்கு வேணாம்."

உனக்காக நான் கெஞ்சியது அவர் காதில் ஏறவில்லை.

கிள்ளான் ஸ்டேஷனில் உன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ரவாங்கில் யாரோ வேலை தருவதாகச் சொன்னாய். "காசு சரியா இருக்குன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே. உன் தப்புன்னு ஏன்டா சொன்ன?" என்றேன்.

"தப்பு யாருதுன்னு சொல்லலேன்னா, சீட்டையே நீ மாத்திட்டேன்னு தொரை மறுபடியும் உன்கிட்டதான்லா வருவான். அப்புறம் உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

வண்டி வந்தது. உன் பெட்டியை உள்ளே ஏற்றிவிட்டேன்.

ரவாங்கில் காய்ச்சலில் நீ போன செய்தி, அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. இப்போது நான் பெரிய கிராணி. ஓர் ஆளை வேலையைவிட்டு நிறுத்தும் தாள் மேஜைக்கு வந்தால், பேனாவை வைத்துவிட்டு முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிறேன். சில தாள்களில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை.