அம்மாவிடம் சொல்ல வேண்டிய காரணம்

ஜூன் 9, திங்கள்
பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டு ஆரணிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் என் முகம் பார்த்துப் பேசவில்லை. சோறு மட்டும் வேளைக்கு வருகிறது.
தசரதன் அண்ணனின் பட்டுக் கடையில் சேர்ந்துவிட்டேன். "சார்லி, அத்த விரிச்சிக் காட்டு." நாள் முழுக்க இதே வேலை.

ஜூன் 11
சேலையை விரிக்கும்போது லத்தீன் வகுப்பு ஞாபகம் வந்தது. எக்ஸ்ப்ளிகாஸியோ என்றால் விளக்கம் என்று எழுதி வைத்திருந்தோம். ஃபாதர் சிரித்தார். "அது பின்னாடி வந்த அர்த்தம்பா. மொதல்ல மடிப்பைப் பிரிக்கிறதுதான். ஏட்டுச் சுருளை விரிச்சாலும் அதே சொல், கயித்துச் சுருளைப் பிரிச்சாலும் அதே சொல்."

ஜூன் 14
அம்மா பேசிவிட்டாள்.
"அங்க யார்னா எதுனா பண்ணாங்களா?" இல்லம்மா. "பொண்ணு எதுனா?" இல்லம்மா.
"அப்பறம் ஏன்டா வந்த? நீ பொறந்தப்ப பொழைக்க மாட்டன்னாங்க. உன்ன சாமிக்கே குடுத்துடறேன்னு வேண்டிக்கினேன்டா. கோயில்ல கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?"
என்ன சொல்ல? ஒரு நாள் காலை முழங்காலிட்டேன், ஜெபம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. உள்ளே ஏதாவது மடிந்து கிடந்தால் பிரித்துக் காட்டலாம். ஒண்ணுமே இல்லியே, எத்த விரிப்பேன்?
"தெரியலம்மா" என்றேன். எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு
அம்மா பூசைக்குப் போகவில்லை. காய்ச்சலில்கூடப் போனவள். என்னால்தான். சே!

ஜூன் 22, ஞாயிறு
"கெளம்புடா" என்றாள். போனோம்.
கோயில் வாசலிலேயே எங்கள் தெரு யோவான் மாமா பிடித்துக்கொண்டார். "இன்னா சகாயமேரி, புள்ள பாதியில வந்துட்டானாமே? ஏனாம்?"
அம்மா சட்டென்று இடுப்பில் கை வைத்தாள். "இடுப்பு புடிச்சிக்கினு எழுந்திருக்கவே முடியலண்ணே. நான்தான் வரச் சொன்னேன். எனக்கு வேற யாரு கீறாங்க?"
என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் படியேறினாள். அதுவரை நன்றாக நடந்து வந்தவள்.
திரும்பும்போது, "கேக்கறவங்களுக்கு இனிமே இதான். எனக்கு நீ ஒண்ணியும் சொல்ல வாணாம்" என்றாள்.
வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒற்றைக் கையாலேயே குழம்பைச் சுடவைத்தாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.