போலீஸ் நோட்டில் நமது நிருபர்

1976, பிப். 8, ஞாயிறு

காலையில் பனி. பட்டாபிராம் ஸ்டேஷனில் முதலில் விளக்கு மட்டும் வந்தது, ரயில் பிறகு.

மாலை நாலு மணி. கோவில்பதாகை, ஃபிட்டர் எத்திராஜ் வீடு. ஐந்து பேர். தனிமனித சுதந்திரம், அதன் எல்லை பற்றிய அந்தப் பழைய ஆங்கிலப் புத்தகம். நான் படித்துத் தமிழில் சொல்கிறேன். அவர்கள் சண்டை பிடிக்கிறார்கள்.

பிறருக்குக் கெடுதி வந்தால்தான் ஒருவனைத் தடுக்கலாம் என்கிறது புத்தகம். ‘கெடுதி’ சரியான சொல்லா? அதிலேயே ஒரு மணி நேரம்.

எத்திராஜ்: “பக்கத்து ஊட்டுக்காரன் ரேடியோவ அலற உடறான். எனுக்கு பேஜார். கெடுதின்னு சொல்ல முடியுமா?”

அவன் மனைவி சரோஜா, உள்ளேயிருந்து: “நீ பேசறதே எனுக்கு பேஜார்தான். இத்தினி வருசமா உட்டு வெக்கல?”

குறித்துக்கொண்டேன்: பேஜார் வேறு, கெடுதி வேறு. இதைத் தணிக்கை அதிகாரிக்கு யார் சொல்வது? அவசரநிலை வந்தது முதல் அவருக்கு எல்லாமே கெடுதி. இந்த வாரம் என் செய்திகளில் மூன்றை வெட்டிவிட்டார். குடிநீர்க் குழாய் உடைந்தது உட்பட.

வாசலில் மஃப்டியில் போலீஸ்காரர் முனுசாமி. நாற்பது வயதிருக்கும். எங்கள் பேச்சைக் குறிப்பெடுக்க அனுப்பியிருக்கிறார்கள். கலைந்ததும் அருகில் வந்தார். “சார், நீங்க பேசறது ஒண்ணும் மண்டைல ஏறல. வெறும் நோட்டோட போனா இன்ஸ்பெக்டர் கிழிச்சிடுவாரு. இன்னா பேசினீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன். நிதானமாக, ஒரு கருத்து விடாமல். என் பத்திரிகையில் ஒரு வரிகூட வர முடியாதது போலீஸ் நோட்டில் இரண்டு பக்கம். தணிக்கை இல்லாத ஒரே தமிழ் ஏடு இன்றைக்கு அதுதான்.

பிப். 11, புதன்

செய்தி ஆசிரியர், தணிந்த குரலில்: “ஞாயித்துக்கிழமை வகுப்பைக் கொஞ்ச நாள் நிறுத்திவைங்களேன். ஓய்வு பெற இன்னும் நாலு மாசம்தானே?”

மாட்டேன் என்றேன்.

“உங்க இஷ்டம்.”

அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.

தைக்கக் கொடுத்த செருப்பை வாங்க மறந்தேன்.

பிப். 15, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. சரோஜா மோர் கொடுத்தாள். இன்று: தப்பான கருத்தையும் ஏன் பேசவிட வேண்டும்.

முனுசாமிக்குத் திருவேற்காடு கோயிலில் டியூட்டி, அவசரம். “எழுதியே குடுத்துடுங்க சார். காப்பி அடிச்சிக்கிறேன்.” ஒன்றரைப் பக்கம், பத்து நிமிடம். கொடுத்தேன்.

பிப். 17, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். முனுசாமி சுவரோரம் விறைப்பாக. மேஜையில் நோட்டு விரிந்து கிடந்தது. அவருடைய கோழி கிளறிய கையெழுத்தில் முதல் வரி: “ஆவடி, பிப். 16 – (நமது நிருபர்)”.

முப்பது வருடப் பழக்கம். கை தானாக எழுதியிருக்கிறது, பத்திரிகை வெளிவரும் மறுநாள் தேதி உட்பட. அவரும் அப்படியே காப்பி.

“போலீஸுக்கு எப்பய்யா நிருபர் வெச்சோம்?” முனுசாமியைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். பிறகு என்னிடம்: “வகுப்பை நிறுத்திட்டேன்னு எழுதிக் குடுங்க. இல்லேன்னா இந்த ஆளுக்கு மெமோ. வேலை போயிடும்.”

முனுசாமி என்னைப் பார்க்கவில்லை. மூன்று பெண்கள் அவருக்கு. இது பேஜார் இல்லை, கெடுதி. என்னால் வந்தது.

எழுதிக் கொடுத்தேன், வேறொன்றை. ரிப்போர்ட்டை எழுதியவன் நான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. போன வார ரிப்போர்ட்டும் நான் சொல்லி எழுதியதே. அது தெரியாமல் இன்ஸ்பெக்டர் அதில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். முனுசாமி மீது விசாரணை வந்தால் அங்கேயும் இதையே சொல்வேன். கீழே என் பெயர், இம்முறை சரியான தேதி.

படித்தார். இன்னொரு முறை படித்தார். “உன்னை இப்பவே உள்ள தூக்கிப் போடலாம், தெரியுமா?”

“தெரியும். பல் பிரஷ் பையிலயே இருக்கு.”

காகிதத்தை நாலாகக் கிழித்தார். முனுசாமியிடம்: “கூட்டம் நடக்கலைன்னு எழுது. இனிமே வாரா வாரம் அதேதான்.”

மெமோ இல்லை. வெளியே வந்தேன். ஒரு டீ.

பிப். 22, ஞாயிறு

ஏழு பேர். பனி இல்லை, கொசு.

முனுசாமி வந்தார். முதல்முறையாக உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். எத்திராஜ் விடவில்லை: “அண்ணாத்தே, நடக்காத கூட்டத்துக்கு எதுக்கு வந்தே?”

“நடந்துகினுதானே கீது? கண்ணு முன்னால நடக்கறத நடக்கலன்னு எப்டிப்பா எழுதறது?”

இன்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு தானே எழுதினார். காட்டினார்: “ஒர்த்தனால ஒர்த்தனுக்கு கெடுதி இல்லாத வரிக்கும் அவன் பேச்ச தடுக்க கூடாதுனு பேசினாங்கோ. எனுக்கும் சரினு படுது.”

“கடைசி வரி வேண்டாம். வேலை போயிடும், எடுத்துடுங்க” என்றேன்.

“இன்னா சார், நீங்களே சென்சார் பண்றீங்க?”

நோட்டை மூடிக்கொண்டு போனார்.