அண்ணாச்சி துணை

மயிலாப்பூர்,
20 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தங்கவேல் எழுதுவது. நானும் தேவானையும் உங்கள் புண்ணியத்தில் சுகம். போன் போட்டால் மேனேஜர் கோதண்டபாணி சார்தான் எடுக்கிறார். "அண்ணாச்சி பிஸி" என்று வைத்துவிடுகிறார். எதுவானாலும் எழுதிக் கொடுங்கலே, கல்லாவில் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பேன் என்று கடை ஆட்களிடம் எப்போதும் சொல்வீர்களே, அதனால் எழுதுகிறேன்.

ஆயுத பூஜையன்று அத்தனை பேர் பார்க்க, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வண்டிச் சாவியை வைத்து நீங்கள் கொடுத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பதினான்கு வருஷம் உங்கள் ஜவுளிக்கடை டெலிவரி வேனை ஓட்டினேன். டெலிவரியை வெளி ஆளுக்கு விட்டாயிற்று, இனி வேலை இல்லை என்றபோது பயந்துதான் போனேன். நீங்களோ கணக்குத் தீர்க்கும் பணத்துக்குப் பதிலாக, வேளச்சேரி கிடங்கில் ஓடிக்கொண்டிருந்த குட்டியானை லோடு வண்டியையே என் பேருக்கு மாற்றி என்னை முதலாளி ஆக்கிவிட்டீர்கள். தேவானை அழுதுவிட்டாள்.

மற்றவர்கள் வண்டி நெற்றியில் சாமி பேரோ பிள்ளை பேரோ எழுதுவார்கள். எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே. 'அண்ணாச்சி துணை' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். லஸ் ஸ்டாண்டில் எல்லாரும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

ஒரு சின்ன விஷயம். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரே துரு. மூவாயிரம் ஆனது. குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

உங்கள் தம்பி,
தங்கவேல்


தி. நகர்,
26 அக்டோபர் 2024

தம்பி தங்கவேலுக்கு ஆசீர்வாதம்.

என் பேரை வண்டி நெற்றியில் எழுதினாயாமே! நான் என்ன சுடலைமாடனா, என்னை நினைத்துப் பயந்து வண்டி ஓடுவதற்கு? கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான் டே.

பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும். எனக்குக்கூடக் காலையில் முட்டி மடங்க அடம் பிடிக்கிறது, நான் யாரிடம் போய்ச் சொல்ல? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்.

தேவானைக்குத் தீபாவளிச் சேலை இத்துடன் இருக்கிறது. மாம்பழ நிறம், நானே எடுத்தேன். தையில் நிரஞ்சனுக்குக் கல்யாணம். என் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை காரை நீதான் ஓட்ட வேண்டும், வேறு எவனையும் விட மாட்டேன்.

அன்புடன்,
ஜவஹர் அண்ணாச்சி


மயிலாப்பூர்,
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சேலை வந்தது. தேவானை உங்களை வணங்கச் சொன்னாள்.

போன கடிதத்துக்குப் பிறகு பேட்டரி போனது. அதற்கு அடுத்த வாரம் கிளட்ச் பிளேட். அதற்கே ஒன்பதாயிரம், தேவானையின் சீட்டுப் பணம் மொத்தமும் போயிற்று. வியாழக்கிழமை மழையில், அடையாறு பாலத்தின் மேல் வண்டி அடியோடு நின்றுவிட்டது. பின்னால் திருவான்மியூருக்குக் குடிபோகிற ஒரு குடும்பத்தின் சாமான். மெத்தை, புத்தகம், பிள்ளையின் தொட்டில் எல்லாம் நனைந்தன. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. குடையைத் தொட்டிலுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக் மெஹபூப் பாஷாவிடம் விட்டேன். அவர் பின் அச்சுப் பெட்டியைத் திறந்தார். ஆயில் பால் விட்ட டீ மாதிரி வந்தது, அடியில் சேறு. டேஷ்போர்டைக் கழற்றினார், ஒயருக்குள் எல்லாம் காய்ந்த வண்டல்.

"இன்னா நைனா, வண்டிய கடல்ல குளிப்பாட்னியா? உள்ள சேறு கீது பாரு. வெள்ளத்துல மூழ்கின வண்டிப்பா இது. எவன் தலைல கட்னான் உனக்கு?" என்றார்.

கொடுத்தது யார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நெற்றியிலேயே எழுதியிருக்கிறதே அண்ணாச்சி.

போன வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி கிடங்கு ஆளுயரம் முழுகியது எனக்கும் தெரியும். அப்போது நான் என் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட்டோம் என்று மேனேஜர் சொன்னார், நம்பினேன். புது சீட் கவர், புதுப் பெயிண்ட் எல்லாம் எனக்காகச் செய்தது என்று நினைத்தேன். ஸ்டாண்டில் எவன் பழைய வண்டி வாங்கினாலும் கூடவே போய் அடி முதல் நுனி வரை பார்த்துச் சொல்கிறவன் நான். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த வண்டியை அப்படிப் பார்த்தால் உங்களை அவமதிப்பது ஆகாதா? கணக்குத் தீர்ந்தது என்ற தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அது தானம் இல்லை அண்ணாச்சி, என் பதினான்கு வருஷம்.

எனக்குப் பணம் வேண்டாம். மேனேஜர் உங்களிடமும் மறைத்திருக்கலாம். 'எனக்குத் தெரியாது தங்கவேலு' என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும். நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன்.

உங்கள் தம்பி,
தங்கவேல்


தி. நகர்,
9 டிசம்பர் 2024

தம்பி தங்கவேலுக்கு,

கடிதம் கிடைத்தது. கல்யாண வேலையில் உடனே எழுத முடியவில்லை. முட்டி வலிக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறேன், ஒன்றும் குறையவில்லை. மழையில் வியாபாரமும் மந்தம்.

வண்டி விஷயத்தை மனதில் போட்டு உழப்பாதே. இரும்பு என்றால் துருப் பிடிக்கத்தான் செய்யும். இத்துடன் பத்தாயிரம் வைத்திருக்கிறேன், செலவுக்கு வைத்துக்கொள். மெக்கானிக்மார் பேச்சை எல்லாம் அப்படியே நம்பக் கூடாது.

கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டி சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். முந்தின நாளே வந்துவிடு.

ஜவஹர்


மயிலாப்பூர்,
19 ஜனவரி 2025

ஜவஹர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தேவானையும் நானும் மாற்றி மாற்றிப் படித்தோம். நான் கேட்ட அந்த ஒரு வரி மட்டும் இல்லை. பொய்யாகவாவது எழுதியிருக்கலாம், நான் நம்பியிருப்பேன். நம்பத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சேலையையும் வைக்கப் போனேன். தேவானை, "ஒரு வாட்டி கட்டிட்டேன், கட்னத எப்படிக் குடுக்கிறது?" என்று வைத்துக்கொண்டாள். அது மட்டும் எங்களிடம் இருக்கிறது.

ஒயரிங், பின் அச்சு, எஞ்சின் வேலை எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார் பாஷா. அவ்வளவுக்கு எங்கே போவேன்? வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு டாக்டர் வீட்டில் கார் ஓட்டுகிறேன். இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து.

இரும்புக்கடை ஆள் வண்டியை வெட்டப் போனபோது கொஞ்சம் பொறு என்றேன். ஒரு பிளேடு வாங்கி, நெற்றியில் இருந்த பேரைச் சுரண்டி எடுத்தேன். உங்கள் சோற்றைத் தின்றவன், அதை வெட்டுவதைப் பார்க்க என்னால் முடியாது. 'துணை' வரும்போது கை வலித்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நிரஞ்சன் தம்பி கல்யாணம் நன்றாக நடக்கட்டும். காருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டிச் சாவி இத்துடன் இருக்கிறது. எங்கள் வீட்டில் தாம்பாளம் கிடையாது. கவரிலேயே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கவேல், டிரைவர்