வியாழச் சந்தைக்கு ஒரு பஸ்

ஹெல்ம்பரி, இங்கிலாந்து
4.3.2024

அன்புள்ள இவருக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். உங்களைப் பாரிசில் விட்டு வந்து ஆறு வருசமாக இந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். "அங்கை என்ன இருக்கு?" என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

இங்கே வியாழன்தோறும் சந்தை. எழுநூறு வருசத்துக்கு முன் ஒரு ராசா உத்தரவு கொடுத்தாராம், இன்றைக்கும் அதே சதுக்கத்தில் கூடுகிறது. நடுவில் எட்டுக் கல்தூண் மண்டபம். முந்திப் பெண்கள் அதற்குக் கீழே இருந்து வெண்ணெய் விற்றார்களாம். இப்போது சீஸ், பூக்கன்று, பழைய கதிரை. கம்பளி வியாபாரிகள் கட்டிய கோயிலின் கோபுரம் கொஞ்சம் சரிவு. ஆற்றங்கரையில் ஒரு புனிதையின் ஊற்று. முகம் கழுவினால் கண்நோய் மாறுமாம்.

வியாழன் எனக்கு லீவு.

பேர்ளி

ரூ பிலிப்-து-ஜிரார், பாரிஸ்
19.3.2024

அன்பின் பேர்ளிக்கு,

உம்முடைய கடிதத்தை ஞாயிறு பூசை முடிய மைக்கில் வாசித்தேன். ஊற்றைப் பற்றிக் கேட்டதும் சனம் என்னை விடவில்லை! மே ஒன்பது, விண்ணேற்றத் திருநாள், வியாழன்தான். வருசாவருசம் நான் லூர்து மாதாவிடம் கொண்டுபோகிற யாத்திரை பஸ்ஸை இந்தமுறை உம்முடைய ஊருக்குத் திருப்பிவிட்டேன். நாற்பத்தேழு பேர். பக்கத்து ஒபர்வில்லியேயில் இருந்தே பதினொரு பேர். உதவிக்கு வழக்கம்போல றொஜர். நீர் தேத்தண்ணிக்கு ஒழுங்குபண்ணும். கோயிலில் செபமாலை சொல்ல அந்தச் சுவாமியிடம் கேட்டு வையும்.

யேசுரட்ணம்

ஹெல்ம்பரி
28.3.2024, பெரிய வியாழன்

இவருக்கு,

அது அங்கிலிக்கன் கோயில், எங்கள் கத்தோலிக்கக் கோயில் இல்லை. சுவாமிக்கு மனைவியும் இரண்டு நாயும் இருக்கிறது. அது போகட்டும்.

இருபத்தாறு வருசக் கலியாணத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன இடம் ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம். கலியாணம் முடிந்து மடு மாதாவிடம் போனதே ஒரு வான் நிறைய ஆட்களோடு. லூர்தில் நீங்கள் மைக் பிடித்தீர்கள், நான் ஐம்பது பேருக்குச் சோறு போட்டேன். வீட்டிலும் அதே கூட்டம். நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டது இதற்குத்தான், வேறு ஒன்றுக்குமில்லை.

அந்தக் கடிதம் உங்கள் ஒருவருக்கு எழுதியது. பஸ் வந்தால் நான் அன்றைக்கு வேலைக்குப் போய்விடுவேன்.

பேர்ளி

பாரிஸ்
15.4.2024

என் பேர்ளிக்கு,

உம்முடைய இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் வாசிக்கவில்லை.

பஸ் லூர்துக்கே போகிறது, பொறுப்பு முழுக்க றொஜரிடம். சனம் ஏசுகிறது, ஏசட்டும். பிழை என்னுடையது. ஆறு வருசமாக உமக்கு என்மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்கப் பயந்து.

ஒன்பதாம் திகதி றெயிலில் வருகிறேன். தனிய. பதினொன்று இருபதுக்கு உம்முடைய ஸ்டேசன்.

நாற்பத்தேழு பேருக்கு முன்னால் கூசாமல் கதைக்கிறவன், உம்மோடு இருந்து என்ன கதைப்பதென்று மூன்று நாளாக யோசிக்கிறேன். ஒன்றும் வரவில்லை. அதற்காக வராமல் விடமாட்டேன். நீர் கதையும், நான் கேட்கிறேன்.

உம்முடைய
ரட்ணம்