எடை பார்த்து மாற்றிய லேப்டாப்

அப்பா,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். இன்னொரு சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். உங்களை எழுப்பவில்லை, எழுப்பினால் மறுபடியும் கத்தியிருப்பேன்.

பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, கிளை கிளையாகக் கணக்குப் பார்த்து, போகிற வழியிலேயே அறிக்கை அனுப்புகிற வேலை என்னுடையது. அதற்காகத் தேடித் தேடி எடுத்த லேப்டாப் அது. பையில் இருப்பதே தெரியாது. சாயங்காலம் வரை சார்ஜ் நிற்கும். பழைய இரும்புக் கடையில் எல்லாவற்றையும் எடை போட்டே பழகிய நீங்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காலி டப்பாவக் குடுத்து புள்ளைய ஏமாத்திட்டானுங்க"ன்னு லேப்டாப் கடையில் சண்டை போட்டு, பாறாங்கல் மாதிரி ஒன்றை மாற்றி வாங்கி வந்தீர்கள். ஜெயித்த சிரிப்பு வேறு! கேட்டால், "நாலெழுத்து படிச்சிட்டா எடை தெரியாமப் போயிடுமா?" என்கிறீர்கள்.

திரும்ப மாற்ற முடியாது என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான். போன பயணத்தில் பாதி வழியிலேயே அது சார்ஜ் தீர்ந்து அணைந்து, அறிக்கை போய்ச் சேரவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இன்றும் அதைத்தான் சுமந்துகொண்டு போகிறேன். நம் வீட்டில் முதல்முதலாகப் படித்துக் கிழித்தது இதற்குத்தான்.

மாத்திரை மறக்காதீர்கள்.

பி.கு.: அறுந்துபோன பை வாரை நீங்கள் இரட்டைத் தையல் போட்டு வைத்திருப்பதை இப்போதுதான் பார்த்தேன். வேலை போனால் உங்கள்மேல் நிம்மதியாகக் கோபப்படலாம் என்றிருந்தேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.